நாலு கம்பியும் நான் சொன்ன பொய்யும்

உன் வலது கையின் இரண்டு விரல்கள்தான் முதலில் என் கண்ணில் பட்டன, மகன். மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு பகல். அடுப்பால் இறக்கிய மீன் ஆணத்தை உன் சோற்றில் ஊற்றிவிட்டு நான் திரும்புவதற்குள் நீ கையை வைத்துவிட்டாய். ஆவி பறந்தது. நீ கையை இழுக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே பிசைந்தாய். சாப்பிட்டுக் கை கழுவும்போது பிடித்துப் பார்த்தேன். சுட்டு விரலிலும் நடு விரலிலும் நுனித்தோல் செருப்புத் தோல்போல் தடித்துக் கிடந்தது. நகத்தால் அழுத்தினேன், உனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது சீனி வருத்தம் வந்து நாலு வருடம். விரல் மரத்துப்போவதில்தான் அது தொடங்கும் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதிலேயே என் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று நினைத்து, அடுத்த நாள் விடிய உன்னை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் எடுக்க வந்த மிஸ் உன் சுட்டு விரலில் குத்தினாள். இரத்தம் வரவில்லை. நடு விரலில் குத்தினாள். அங்கும் வரவில்லை. "தம்பி மேசன் வேலையா?" என்று கேட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல மிஸ், பேஸ் வாசிக்கிற" என்றாய். அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் மோதிர விரலில் எடுத்தாள். சீனி இல்லை.

ஸலாம் சொல்லித்தானே கடிதம் தொடங்க வேண்டும் என்று உன் தங்கச்சி சொல்கிறாள். உனக்கு என் ஸலாம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது சப்னாதான். என் கண்ணுக்கு இப்போது கோடு போட்ட தாளில் கோடு தெரிவதில்லை. நான் வாயில் வந்தபடி கதைக்கிறேன். அவள் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதிவிட்டு வாசித்துக் காட்டுகிறாள். நான் இவ்வளவு திருத்தமாகவா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. என் கண்ணுக்காகவும் காலுக்காகவும் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். யாராவது வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் போய் நிற்பவள். இதை எழுதாதே என்று சொன்னேன். எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

உன் கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள். நீ உன் போன் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறாய். நிக்காஹ் முடிந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி நீ பெண் வீட்டுக்குப் போய்விடுவாய். சம்மாந்துறையில் றிஸ்னாவின் வாப்பா மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு இனி உன் வீடு. உன் சாறன், உன் சேட், உன் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், நீ வாசிக்கிற அந்தப் பேஸ் கிற்றார் இல்லை. சப்னாவிடம் கேட்டேன். கொழும்புக்குப் போகிற அன்று நீ அதைக் காரைதீவில் உன் கூட்டாளி கஜன் வீட்டில் கொடுத்துவிட்டாயாம். எப்போது திரும்ப எடுப்பாய் என்று கஜன் கேட்டதற்கு, வேறு ஆருக்கும் தேவையென்றால் கொடு என்று சொன்னாயாம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குத்தான், அதுவரை கஜன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த அந்தச் சாமானை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கிற்றார் என்றால் ஆறு கம்பி என்று நினைத்திருந்தேன். இதற்கு நாலு. அதிலும் மேல் கம்பி உடுப்புக் காயப்போடுகிற கொடி மாதிரித் தடிப்பு. அயலுக்குக் கேட்கக் கூடாது என்று சத்தம் கூட்டுகிற பெட்டியில் செருகாமல் அறைக்குள் இருந்து வாசிப்பாய். டுக்கு டுக்கு என்று மரத்தில் தட்டுவதுபோல் மட்டும் கேட்கும். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுவந்தபோது கேட்டேன், இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று. "பாட்டு மத்த ஆக்கள்ட கையில உம்மா. நான் அவங்களுக்குக் கீழ நிக்கிற" என்றாய். இதற்குப் போய் விரலைக் கெடுத்துக்கொண்டாயே என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு மாதம் போக, வேகமாக வாசிக்கிறவன்தான் கெட்டிக்காரனா என்று கேட்டேன். வேகத்தை ஆறு மாதத்தில் பழகலாம், எந்த இடத்தில் வாசிக்காமல் இருப்பது என்று பழகத்தான் காலம் போகும் என்றாய். அப்போது அது எனக்கு வாய்க்காரத்தனமாகப் பட்டது.

போன வருடம் மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் நீங்கள் நாலு பேரும் வாசித்தபோது, என்னையும் சப்னாவையும் கஜன் தன் மாமாவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். உங்கள் கூட்டத்தில் ட்றம்ஸ் அடிக்கிறவன் என்பதைவிட, என் குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவன் என்றுதான் எனக்கு அவனைத் தெரியும். போகும் வழியெல்லாம் என்னைப் பயம் காட்டினான். "மாமி, காதுக்குப் பஞ்சு கொண்டந்தீங்களா? மறுகா என்னக் குறை சொல்லப்படா." அவன் சொன்னது பகிடி இல்லை என்று முதல் பாட்டிலேயே தெரிந்தது. பாடுகிற பிள்ளை யாருடனோ சண்டைக்குப் போகிறவன்போல் கத்தினான். கிற்றார்க்காரன் தகரத்தை அறுப்பதுபோல் இழுத்தான். கஜன் இரண்டு காலாலும் இரண்டு கையாலும் அடித்தான். நீயும் அங்கே நின்று வாசித்துக்கொண்டிருந்தாய். ஆனால் உன் சத்தம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. என் பிள்ளை வாசிப்பது மட்டும் ஏன் கேட்கவில்லை என்று சப்னாவின் காதுக்குள் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து நான் இருந்த பிளாஸ்டிக் கதிரையின் ஓரத்தில் வைத்தாள். "இதுதான் உம்மா, காக்கா" என்றாள், தன் மூத்தவனான உன்னைச் சொல்லி.

கதிரை நடுங்கியது. சும்மா நடுங்கவில்லை, ஒரு கணக்கோடு நடுங்கியது. கஜனுடைய வலது கால் எப்போதெல்லாம் அந்தப் பெரிய ட்றம்மை அடித்ததோ, அதோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அவன் கால் நின்றால் கதிரையும் அந்த நொடியே நின்றது. மிச்சச் சத்தம் ஒரு சொட்டும் இல்லை. அப்போதுதான் உன் இடது கையைப் பார்த்தேன். ஒரு விரல் கம்பியை அழுத்தினால் மற்ற விரல்கள் வேறு கம்பிகள் முனகாதபடி அவற்றின் மேல் படுத்துக் கிடந்தன. பின்னர் வானில் நீதான் விளக்கினாய். இவ்வளவு கீழ்ச் சத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் எல்லாம் சேறாகிவிடும், அதனால் சத்தம் எழுப்புவதைவிட நிறுத்துவதற்குத்தான் கைக்கு அதிக வேலை என்றாய். எனக்கு அது விளங்கியது. ஏழு பேர் இருக்கிற வீட்டில் மூத்த மகளாக இருந்தவளுக்கு விளங்காதா?

ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாவது பாட்டைப் பற்றி. சனம் எழும்பிக் கத்தத் தொடங்கியதும் கஜனுக்கு வெறி பிடித்துவிட்டது. வேகமாகப் போனான். கிற்றார்க்காரனும் அவனோடு சேர்ந்து பாய்ந்தான். பாடுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. சொல்லைப் பாதியில் விழுங்கினான். நீ பாயவில்லை. நடந்து போய்க் கஜனுக்கு முன்னால் நின்றாய், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "அந்தப் பொடியன் என்ன, சுவரப் பாத்துட்டு நிக்கான்? வாசிக்கத் தெரியாமக் கூச்சப்படுறானாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கை கதிரையில் இருந்தது. நீ பழைய வேகத்தை விடாமல் ஒவ்வொரு அடியாக, கனமாக வைத்தாய். இழுபறி மாதிரி இருந்தது. நாலு அடியோ ஐந்து அடியோ போக, கஜன் உன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் கால் உன் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு கிற்றார்க்காரனும் வந்தான். பாடுகிற பிள்ளை மூச்சு விட்டான். பின்னால் இருந்தவர் கைதட்டியது பாடுகிற பிள்ளைக்கு. திரும்பி வரும்போது கஜன் வானை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "நான் ஓடிட்டன் மாமி. இவன் மட்டும் என்னோட ஓடி வந்திருந்தா எல்லாரும் சேந்து குழிக்குள்ளதான்." நீ கண்ணாடிப் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்தாய்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது மகன், நீ அதில் கெட்டிக்காரன் என்று. நான் சொல்லவில்லை. அயலில், குடும்பத்தில், பள்ளிவாசல் றோட்டில் ஆர் என்ன கதைப்பார்கள் என்ற பயம். கட்டாரில் இருந்து உன் வாப்பா போன் எடுக்கும்போதெல்லாம் அதை விட்டுவிட்டானா என்றுதான் முதலில் கேட்பார். இசை கூடுமா கூடாதா என்பதைப் படித்தவர்கள் கதைக்கட்டும். எனக்கு அந்த அறிவு இல்லை. பொய் கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

மூன்று மாதத்துக்கு முந்தி றிஸ்னாவின் வாப்பாவும் அவருடைய தம்பியும் மாப்பிள்ளை கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பிய அன்று நீ கடையில் இருந்தாய். அறையைத் துப்புரவாக்கப் போனவள், கட்டிலோடு சாய்ந்து நின்ற அந்தக் கிற்றாரைப் பார்த்தேன். ஏணி வைத்து ஏறி, ஒரு பழைய படுக்கை விரிப்பில் அதைச் சுற்றி, கூரைத் தகரச் சீற்றுக்குக் கீழே மரச் சட்டங்களுக்கு மேலே தள்ளி வைத்தேன். இந்தக் காலோடு அந்த ஏணியில் எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியவில்லை. வந்தவர்கள் இருந்தார்கள், தின்றார்கள், குடித்தார்கள். கடைசியில் அந்தத் தம்பிக்காரர்தான் கேட்டார், பொடியனுக்கு ஏதோ பாட்டுக் கூட்டம் இருப்பதாக வெளியில் கதைக்கிறார்களே என்று. கடையால் வந்திருந்த நீ வாசல் திரைக்குப் பக்கத்தில் நின்றாய். "அதெல்லாம் விட்டுட்டான். அந்தச் சாமானே இப்ப ஊட்டுல இல்ல" என்றேன். என் தலைக்கு நேரே மேலே அது கிடந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு நிலத்தைப் பார்த்தாய். அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு நீ ஒரு தரம் கேட்டாய், அது எங்கே என்று. மாமா வீட்டில் வைத்திருக்கிறேன் என்று இரண்டாவது பொய்யும் சொன்னேன். முதல் பொய்யை உண்மையாக்கிவிட்டால் நல்லது என்றுதான் நினைத்தேன். நீ கொஞ்ச நாளில் மறந்துவிடுவாய் என்று இருந்தேன். அது பங்குனி வெயில். சீற்றுக்குக் கீழே கை வைக்க முடியாத சூடு. இருபது நாள் போகச் சப்னாவால் தாங்க முடியவில்லை. ஏணியைக் கொண்டுவந்து உனக்குக் காட்டிக்கொடுத்தாள். நீ விரிப்பை அவிழ்த்தபோது நானும் பார்த்தேன். கழுத்து வில் மாதிரி வளைந்து, கம்பிகள் மரத்தை விட்டு எழும்பி நின்றன. நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். நீ ஒரு சின்னச் சாவியை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாய். கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறதாம், அதைத் திருகித்தான் வளைவை எடுக்க வேண்டுமாம். ஒரு நாளைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் திருகினால் கெட்டுவிடும் என்று சப்னாவுக்குச் சொன்னாய். ஒவ்வொரு நாளும் கடையால் வந்து, குளித்து, கால் சுற்றுத் திருகிவிட்டு வைத்தாய். பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நீ தந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக் கழுவிக்கொண்டு திரிந்தேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. உம்மாமாருக்கு அது வருவதில்லை மகன். அது பெருமை இல்லை, ஒரு நோய்.

இதையெல்லாம் மறந்துவிட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். களைத்துப் படுக்கிற நேரத்தில் அதைத்தான் நினைக்கிறேன். மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு வாசிப்பது, தன்னைக் காட்டாமல் இருப்பது, ஒருவன் தடுமாறினால் அவனுக்குக் கீழே போய் நிற்பது, இவையெல்லாம் உனக்குக் கைவந்தவை. வீட்டிலும் நீ அப்படித்தான். நாங்கள் அதை வசதியாக எடுத்துக்கொண்டோம். வாப்பா கேட்டால் ஓம், நான் கேட்டால் ஓம், கலியாணத்துக்கு ஓம், கிற்றாரைக் கொடுத்துவிடவும் ஓம். விட்டுக்கொடுக்கிற பிள்ளை என்று ஊரில் சொல்லித் திரிந்தேன். ஆனால் மட்டக்களப்பில் நான் பார்த்தது விட்டுக்கொடுத்தது இல்லை. கஜன் உன் உயிர்க் கூட்டாளி. அவன் ஓடினபோது நீ கூட ஓடவில்லை. சனம் சிரித்தாலும் பரவாயில்லை என்று முன்னால் போய் நின்று இழுத்துப் பிடித்தாய். அவனை அவமானப்படுத்தவும் இல்லை, அவனோடு போகவும் இல்லை. கெட்டிக்காரனுக்கும் சும்மா வாசிக்கிறவனுக்கும் வித்தியாசம் அந்த நாலைந்து அடியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அன்றைக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களுக்கு முன்னால் ஓடினவள் நான். நீ என்னை இழுத்துப் பிடிக்கவில்லை. கஜனுக்குச் செய்ததை எனக்குச் செய்யவில்லை. உம்மா என்ற மரியாதை என்று நினைத்திருப்பாய். அந்த மரியாதையோடுதான் இப்போது ஒரு பொய்க்கு மேலே குடியிருக்கப் போகிறாய். றிஸ்னா நல்ல பிள்ளை. அவளும் அதற்கு மேலேதான் இருக்கப் போகிறாள், தெரியாமல்.

இந்த இடத்தில் சப்னா பேனையை வைத்துவிட்டாள். எழுது பிள்ளை என்றேன். எழுதவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது காக்காக்குச் சொல்ற கதை இல்ல உம்மா. றிஸ்னா மச்சிட ஊட்ட போய்ச் சொல்ற கதை." நான் அவளை ஏசினேன். வாய் காட்டாதே என்றேன். காலைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன், கலியாணம் குழம்பினால் ஆர் பொறுப்பு என்று கேட்டேன். அவள் பேனையை எடுக்கவில்லை. "ஓட்டோவுக்குச் சொல்லவா?" என்று மட்டும் கேட்டாள். ஆளைக் கண்டால் ஒளிகிற பிள்ளை, மகன்.

அவள் பேனையை வைக்கும்வரை உள்ளது முந்தநாள் எழுதியது, மிச்சத்தை இன்றைக்குத்தான் எழுதுகிறாள். இனி வருவது நேற்று நடந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் முதலில் காரைதீவுக்குப் போனோம். கஜன் கிற்றாரை ஆருக்கும் கொடுக்கவில்லை. தன் கட்டிலிலேயே கிடத்தியிருந்தான். எங்கே கொண்டு போகிறோம் என்று கேட்டான். சொன்னேன். கலியாணம் குழம்பாதா என்று கேட்டான். "தெரியா மனே" என்றேன். கிற்றார்ப் பையை அவனே ஓட்டோவில் ஏற்றிவிட்டு, றோட்டிலேயே நின்றான். சம்மாந்துறை வரைக்கும் அதை நானும் சப்னாவும் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போனோம். இவ்வளவு பாரத்தையா தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாய்?

றிஸ்னாவின் வாப்பா வளவுக்குள் கதிரை போட்டு இருந்தார். பையைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, மாப்பிள்ளக்குக் கிரிக்கெட் மட்டையா?" என்று சிரித்தார். நான் இருக்கவில்லை. இருந்தால் கதை வேறு பக்கம் போய்விடும் என்று நின்றுகொண்டே சொன்னேன். "அண்டைக்கு ஊட்டுல இல்ல எண்டு நான் சொன்ன சாமான் இது. அவன் விடல்ல. நான்தான் பொய் சொன்ன." அவருடைய சிரிப்பு போய்விட்டது. பொடியனும் அன்றைக்குக் கேட்டுக்கொண்டுதானே நின்றான் என்றார். ஓம் என்றேன். எனக்காகத்தான் பேசாமல் நின்றான், அது சரி என்று சொல்ல நான் வரவில்லை என்றேன். நான் வந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சப்னா எனக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் எழும்பித் தொப்பியை எடுத்துப் போட்டார். "எனக்குப் பாட்டும் புடிக்கா, பொய்யும் புடிக்கா மதினி. ஒண்டுக்கு நீங்க வந்துட்டீங்க. மத்தத அவன் வந்து என்னோட கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மகரிபு தொழுகைக்குப் போய்விட்டார்.

ஆகவே நீ வந்ததும் போய் அவரோடு கதைக்க வேண்டும். விடப்போகிறாயா, வாசிக்கப்போகிறாயா என்பதை நீயே முடிவு செய்துகொண்டு போ. என்னவாக இருந்தாலும் அது உன் வாயால் வரட்டும். அவர் சத்தம் போட்டால் நீ போடாதே. நிலத்தையும் பார்க்காதே. கஜனுக்கு முன்னால் நின்றாயே, அப்படி நில்.

அவர் போன பிறகு கதவோரம் நின்ற றிஸ்னா வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் பையைத் தூக்கப் போனேன். "இருட்டுற நேரத்தில இதத் திரும்பத் தூக்கிட்டுப் போகாதீங்க மாமி. உங்கட மகன் வந்து வாப்பாவோட கதைக்கும் வரைக்கும் இஞ்ச கிடக்கட்டும்" என்றாள். உங்களுக்கென்று கட்டிய அறையைத் திறந்துவிட்டாள். புதுச் சுண்ணாம்பு மணம். மேலே பார்த்தேன், சீற்றுத்தான். மேற்குப் பக்கச் சுவரில் கையை வைத்தேன். பகல் முழுக்க வெயில் குடித்துச் சுட்டுக்கொண்டிருந்தது. யன்னல் சுவரைத் தொட்டேன், அதுவும் சூடு. குசினிப் பக்கமாக உள்ள உள்சுவரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அங்கே சாய்த்து வைத்தேன்.